ரெகுலேட்டர்

"ரெகுலேட்டர் எத்தனை?" என்று படிவத்தில் இருந்தது.
கலியமூர்த்தி சார் பேனாவை நிறுத்தி
வாசலுக்கு வெளியே, மேற்கே பார்த்தார்.
"நண்டலாத்துல ஒண்ணு இருக்கு. அது பொதுப்பணித்துறை ஆச்சேம்மா,
உங்க கடைக்கிட்ட ஏன் கேக்கறான்?"

நான் சிரிக்கவில்லை. இந்தப் பக்கம் அந்தச் சொல்லுக்கு
ஷட்டர் உண்டு, சக்கரம் உண்டு, சாவியோடு ஒரு லஸ்கர் உண்டு;
எத்தனை அடி தூக்கலாம் என்று தஞ்சாவூரிலிருந்து போன் வரும்.
என்னுடையது வாயில் கடித்துக்கொள்வது.
இழுத்தால் தரும். இழுக்காவிட்டால் சும்மா கிடக்கும்.
யார் உத்தரவும் வேண்டாம் அதற்கு.
"ஒன்பது" என்றேன். எழுதிக்கொண்டார்.

தீயணைப்புக் கருவி: ஒன்று.
முதலுதவிப் பெட்டி: ஒன்று.
கழிப்பறை, ஆண் பெண் தனித்தனியாக: இல்லை.
அதற்கு மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

பிரிசில்லா காபி கொண்டுவந்து வைத்து
எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொன்னாள்.
தரங்கம்பாடி முதல் வேளாங்கண்ணி வரை மூன்று கடை.
ஒரு பயிற்றுநருக்கு நான்கு பேர், அதற்கு மேல் கிடையாது.
மூச்சுக் கோளாறு என்று எழுதிக் கொடுத்தவரை இறக்குவதில்லை.
ஆற்றுப் புதுத்தண்ணீர் கடலுக்குள் வந்து கலங்கினால்
நீட்டிய கை நமக்கே தெரியும்வரை கடை அடைப்பு.
கடலில் கால் நனைக்காதவன் கடலுக்குச் சட்டம் எழுதினால்
கழிப்பறைதான் கேட்பான்
(இதை அவர் போன பிறகுதான் சொல்வாள்).

தலைவர் நான். செயலாளர் பிரிசில்லா.
பொருளாளர் வேளாங்கண்ணி சவரிராஜ்.
புகார் வந்தால் விசாரிப்பதும் நாங்கள்தான்.
இதுவரை புகார் ஏதும் வரவில்லை.

கோடை விடுமுறையில் நாலு, ஆறாகும்.
போன மாதம் கும்பகோணம் பாத்திரக்கடைக்காரர் ஒருவர்
ஆஸ்துமா என்று எழுதினார், என் முகத்தைப் பார்த்தார்,
அடித்துவிட்டு 'இல்லை' என்று எழுதினார்.
நான் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.
பன்னிரண்டு மீட்டரில் கண்ணாடிக்குள் அவர் கண் பெரிதாகி
என் தோளைப் பற்றிய பிடி
ஒரு வாரம் நீலமாய் இருந்தது.
கரையேறியதும் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தார்.
அன்றைய பதிவேட்டில் என் கையெழுத்து அழகாகவே இருக்கிறது:
'நல்ல டைவ். பாறைமீன் கூட்டம்.'

படிவம் முடிந்தது. எழுந்தவர் சிலிண்டரைத் தட்டினார்.
"உள்ள இருக்கறது ஆக்சிஜனா?"
"வெறும் காத்து சார். நாம இழுக்கற இதே காத்து."
"குடுங்க பாப்போம்."

செருப்போடு, நாற்காலியில் உட்கார்ந்தபடி,
ரெகுலேட்டரைக் கடித்து இரண்டு மூச்சு இழுத்தார்.
மூன்றாவது இழுக்கவில்லை.
"எண்ணெய் நெடி அடிக்குதும்மா.
சர்க்கரை ஆலை கம்ப்ரசர் ரூம்ல
பதினோரு வருஷம் கெடந்தவன் நான்.
ஃபில்டர் எப்ப மாத்துனீங்க?"

சுவரில் அட்டை தொங்கியது. மாற்றிய தேதி, என் கையொப்பம்.
ஃபில்டர் இன்னும் சென்னையிலிருந்து வரவில்லை.

அவர் படிவத்தைப் புரட்டினார்.
காற்றுக்குக் கட்டம் இல்லை.
பின்பக்கமும் இல்லை.
"இதை எங்க எழுதறது?" என்று என்னையே கேட்டார்.
நான் காபி டம்ளரில் ஒட்டிய நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
முத்திரையை ஊதிக் குத்திவிட்டு
மயிலாடுதுறை பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினார்.
கழிப்பறைக்கு முப்பது நாள் அவகாசம்.

சாயங்காலம் பதினான்கு சிலிண்டரையும் மணலில் சாய்த்து
ஒவ்வொன்றாய்த் திறந்துவிட்டேன்.
அவர் வராதிருந்தால்? கேட்டுக்கொள்ளவிடாமல்
சீறிக்கொண்டே இருந்தது காற்று.
வால்வில் வெள்ளையாய்ப் பனி பிடித்தது.
"என்னாச்சு?" என்றார் படகுக்காரர் குப்புராஜ்.
"ஒண்ணுமில்ல."

உள்ளே பிரிசில்லா, நாளை வரவிருந்த ஆறு பேருக்கும்
போன் போட்டுக்கொண்டிருந்தாள்,
கடல் சரியில்லை என்று.

கோயில் குளம் மாதிரிக் கிடந்தது கடல்.